தேதி கொடுக்கும் முன்: தனியாகத் தொழில் தொடங்கும் மென்பொருள் பிள்ளைகளுக்கு

கம்பெனி வேலையை விட்டுவிட்டோ, கல்லூரி முடித்த கையோடோ தனியாக வெப்சைட், ஆப் செய்து கொடுக்கக் கிளம்பும் தம்பி தங்கைகள் பலரைப் பார்க்கிறேன். கோடிங்கில் அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவர்கள் அடிபடுவது தேதியில்தான். "எப்போ முடியும்?" என்று கிளையன்ட் கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, அப்புறம் தூக்கம் கெட்டுத் திரிகிறார்கள். அந்த வேதனையில் பெரும்பகுதியைக் கையெழுத்துப் போடும் முன்பே தவிர்க்கலாம்.

1. தேதி சொல்லாதீர்கள், நாள் கணக்குச் சொல்லுங்கள். "ஜூன் 15-க்குள்" என்று எழுதிக் கொடுத்தால், கிளையன்ட் தன் பொருள் பட்டியலை ஜூன் 10-ல் அனுப்பினாலும் அந்த 15 அப்படியே நிற்கும். "கீழே உள்ளவை எல்லாம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 30 வேலை நாட்கள்" என்று எழுதுங்கள். கீழே லோகோ, படங்கள், விலைப் பட்டியல், சர்வர் பாஸ்வேர்டு என்று வரிசையாகப் போடுங்கள். அட்வான்ஸும் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

2. எது யார் கையில் இருக்கிறதோ, அதன் ரிஸ்க் அவருடையது. ஒப்பந்தம் பேசும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடிபி அனுப்பும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எழுத அரை நாள் போதும். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு அனுப்புநர் பெயருக்கு ஒப்புதல், செய்தியின் வாசகத்துக்குத் தனி ஒப்புதல். ஒப்புதல் வாங்கிய வாசகமும் அனுப்பும் வாசகமும் ஒத்துப்போகவில்லை என்றால் செய்தி போய்ச் சேராது. இதற்கான ஆவணங்கள் கிளையன்ட்டின் அலமாரியில் இருக்கின்றன, கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். பேமெண்ட் கேட்வேயின் கேஒய்சி, ஆப் ஸ்டோர் பரிசீலனை, அவர்களுடைய பழைய பில்லிங் சாப்ட்வேர்காரர் தரவேண்டிய ஏபிஐ எல்லாம் இதே வகைதான். "இவற்றுக்கு ஆகும் நாட்கள் என் கணக்கில் சேராது" என்று ஒரு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெயர் போடும்போதுதான் அவர்களுக்கே வேலையின் அளவு புரியும்.

3. முழுதாகத் தெரியாத வேலைக்கு மொத்த விலை சொல்லாதீர்கள். ஒரு திட்டத்தின் தொடக்கத்தில் போடும் மதிப்பீடு நான்கு மடங்கு வரை கூடவோ, நான்கில் ஒரு பங்காகக் குறையவோ இடமுண்டு என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் 1981-ல் தன் புத்தகத்தில் காட்டினார். அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த நிலை. ஆகவே முதலில் ஒன்றிரண்டு வாரத்துக்குச் சிறிய ஒப்பந்தம் ஒன்று போடுங்கள், கட்டணத்தோடு. அதில் எத்தனை திரைகள், டேட்டாபேஸ் எப்படி, எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று எழுதிக் கொடுங்கள். பெரிய கொட்டேஷன் அதற்குப் பிறகு. "பேசிப் பார்க்கவே பணமா?" என்பார்கள். அந்த அறிக்கையை வைத்து வேறு யாரிடமும் வேலை வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள்.

4. நாளைக் குறைக்கச் சொன்னால் வேலையையும் குறையுங்கள். "20 நாளில் தருகிறேன், ரிப்போர்ட் பக்கமும் எக்ஸெல் டவுன்லோடும் இரண்டாம் கட்டத்துக்குப் போகட்டும்" என்பது பேரம். "சரி சார், பார்க்கிறேன்" என்பது பேரமே இல்லை. அந்தத் தேதி எதற்கு என்றும் கேளுங்கள். தீபாவளி விற்பனைக்கு என்றால் அது நகராது, அதற்கேற்ப வேலையை வெட்டுங்கள். முதலாளி சும்மா சொன்னது என்றால் நகரும். நெருக்கடி வந்ததும் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் திட்டங்களை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்.

5. அபராத வரியை இரண்டு முறை படியுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர்களில் "தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் அரை சதவீதம்" என்பது போல இருக்கும். அதற்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் 5 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை வெறும் மேல்வரம்புதான். அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். ஆனால் நீங்கள் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, அவர்கள் உங்கள் பில்லிலேயே கழித்துக்கொள்வார்கள். அதனால் பேச வேண்டியது இப்போதே. "டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்" என்ற வாசகம் இருந்தால் இன்னும் கவனம். காலமே முக்கியம் என்று இருதரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் நாள் தவறினால், 55-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும். எந்த நஷ்டத்துக்கும் உங்கள் மொத்தப் பொறுப்பு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்ற வரியும் வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் வேலைக்கு வீட்டை அடகு வைக்கும் அளவுக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

6. தாமதம் தெரிந்த அன்றே மெயில் அனுப்புங்கள். காரணம், புதிய நாள், அதுவரை கையில் தரக்கூடியது, இந்த மூன்றும் போதும். போனில் பேசினாலும் அதை மெயிலில் உறுதிசெய்யுங்கள்.

7. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் வேலைக்கு முன்பே செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவுள்ள குறுந்தொழிலுக்கு இந்திய வாடிக்கையாளர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வேலையை ஒப்படைத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்கிறது. "இன்னும் டெஸ்ட் பண்ணிட்டிருக்கோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பவர்களிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு இது உதவாது, அங்கே அட்வான்ஸைக் கூட்டிக் கேளுங்கள்.

8. கோடின் உரிமை முழுப் பணம் வந்த பிறகே மாறும் என்று எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாக எழுதிய கோடுக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். அதை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆனால் டொமைனும் ஹோஸ்டிங்கும் முதல் நாளிலிருந்தே கிளையன்ட் பெயரில், அவருடைய மெயில் ஐடியில் இருக்கட்டும். பணத் தகராறில் ஒருவருடைய கடையின் வெப்சைட்டை முடக்கிப் போடுவது நம் தொழிலில் யாரும் செய்யக்கூடாத வேலை. கடைசித் தவணை வரும்வரை உங்கள் டெஸ்ட் சர்வரில் காட்டுங்கள், வந்த அன்றே லைவ் செய்யுங்கள்.