நெசவு மாறினால் வலிமையும் மாறும்

துணிக்கு உயிர் நெசவு என்பதை நாம் அறிவோம். இன்று பலகைக்கும் அதுவே உயிராக விளங்குகிறது. கண்ணாடி இழையைத் துணியாக நெய்து, பாலிபுரொப்பிலீன், நைலான் போன்ற பிளாஸ்டிக்குடன் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் உறுதியான பலகை கிடைக்கிறது. இவ்வகைப் பிளாஸ்டிக் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இத்தகைய பலகைகளை வாங்க முற்படும் ஊராட்சி மன்றங்கள் அவற்றின் உள்ளமைப்பையும் அறிந்திருத்தல் நலம்.

வளைவில் நிகழ்வது

இரு முனைகளிலும் தாங்கப்பட்ட பலகையின் நடுவில் ஒருவர் கால் வைத்தால், மேற்பரப்பு நெருக்கப்படுகிறது; அடிப்பரப்பு இழுபடுகிறது. ஆகவே மேலும் கீழும் உள்ள இழைகளே பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. நேரான இழை இவ்விரண்டையும் நன்கு தாங்கும். நெளிந்த இழையோ, இழுத்தால் நிமிர முயலும். நெருக்கினால் மேலும் மடங்கும்.

மூவகை நெசவு

வேட்டியில் காணும் சாதா நெசவில் ஊடை நூல், ஒரு பாவு நூலின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்கிறது. இதில் நெளிவு மிகுதி. இரண்டின் மேலும் இரண்டின் கீழுமாகச் செல்லும் ட்வில் நெசவில் நெளிவு குறைகிறது. நான்கின் மேலும் ஒன்றின் கீழுமாகச் செல்லும் சாட்டின் நெசவில் இன்னும் குறைகிறது. எனவே இழையின் வகையும் அளவும் பலகையின் தடிப்பும் ஒன்றாயிருப்பின், பொதுவாகச் சாட்டின் பலகையே வளைவை மிகுதியாகத் தாங்கும், ட்வில் அடுத்தது, சாதா நெசவு அதற்கும் அடுத்தது.

ஆயினும் சாதா நெசவை இகழ வேண்டா. பின்னல் மிகுந்திருப்பதால் அதில் நூல் எளிதில் விலகாது. சாட்டின் வளைந்த அச்சில் நன்கு படியும். ஆனால் கையாளும்போது நூல் பிரியும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பலகை பாவு, ஊடைத் திசைகளில் வலியது, மூலைவாட்டில் மெலியது. பாரம் தாங்கும் திசையில் சோதித்தார்களா?

2. இளகிய பிளாஸ்டிக் பாகினும் கெட்டியானது. அது இழைகளுக்குள் முற்றும் ஊறாவிடில் வெற்றிடம் தங்கி வலிமை குன்றும். ஊறியதைச் சரிபார்த்தார்களா?

3. வெயிலில் பிளாஸ்டிக் இளகினால், நெருக்கப்படும் இழைக்குப் பிடிமானம் குறையும். கோடை வெப்பத்தில் வலிமை எவ்வளவு?

4. தடிப்பு எவ்வளவு? அது இருமடங்கானால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

விலைப்பட்டியலை மட்டும் பார்த்து வாங்குதல் சிக்கனமாகாது. வாய்க்கால் மூடி முறிந்தால் போவது ஊராட்சியின் பணம் மட்டுமன்று. அதன்மேல் நடக்கும் குழந்தையின் காலும் முறியக்கூடும். ஆதலின் நெசவைக் கேட்டறிந்து வாங்குவோமாக.