பெயர் மறந்தால் கதை மாறும்



விளையாட்டு என்றதும் நம் கண்முன் வருவது ஓடும் படங்களும் காதை அடைக்கும் சத்தமும்தான். நான் இங்கே சொல்லப் போகும் விளையாட்டில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. திரையில் எழுத்து மட்டுமே உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன பேசியது, என்ன செய்தது என்று எழுதுவர். மற்றவர்கள் அதை வாசித்துத் தம் பாத்திரத்தின் பதிலை எழுதுவர். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, முடிவு தெரியாத ஒரே நாவலை எழுதிக்கொண்டு போவது போன்றது இது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரங்களாகப் பேசி ஆடுவது அது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ரோய் டிரப்ஷோ, பலர் ஒரே நேரத்தில் உலாவக்கூடிய எழுத்து உலகம் ஒன்றைக் கணினியில் உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். அதற்கு 'மட்' என்று பெயர். 1990இல் பாவெல் கர்ட்டிஸ் ஆரம்பித்த 'லம்டாமூ' என்ற உலகில் ஆடுவதை விடப் பேசுவதும் அறைகளைக் கட்டுவதுமே முக்கியமாயின. இன்றும் இவ்வகை உலகங்கள் பல இயங்குகின்றன.

என் பிழை

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 9இல் படித்துக்கொண்டிருந்தேன். பெரியும்மாவின் மகள் ராத்தாதான் இப்படி ஓர் உலகத்தை எனக்குக் காட்டித் தந்தார். "உன்ட இங்கிலிஷும் திருந்தும்" என்று உம்மாவிடம் அனுமதி வாங்கியதும் அவர்தான்.

அது ஒரு துறைமுக நகரக் கதை. என் பாத்திரம் ஒரு கடித எழுத்தர். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் வந்து சொல்ல, நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் மெரின் என்ற பெண் பாத்திரம் வந்தாள். வேறு ஊரில் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டு, தப்பி வந்து ஒளிந்து வாழ்பவள். தன் உண்மைக் கதையைக் கடிதமாக எழுதச் சொல்லி, "நானே வந்து கேட்கும்வரை யாரிடமும் கொடுக்காதே" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஒருத்தி வந்து, "எனக்கு ஏதும் கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வந்தவள் மெரின் அல்ல, மெரில். நகரக் காவலனின் தங்கை. மறுநாள் கதையில் மெரின் கைது செய்யப்பட்டாள்.

அந்த உலகில் ஒரு விதி உண்டு: நடந்தது நடந்ததுதான், அழிக்க முடியாது. மெரினை எழுதியவர் ஐந்து மாதமாக அந்தப் பாத்திரத்தை வளர்த்திருந்தார். பாத்திரமாக இல்லாமல் ஆளாகப் பேசும்போது இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது அங்கே வழக்கம். அப்படி அவர் எனக்கு எழுதினார்: "இது உங்கள் எழுத்தர் செய்த துரோகமா, நீங்கள் செய்த பிழையா?"

துரோகம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். 'என் பாத்திரம் அப்படிப்பட்டவன்' என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது. விறுவிறுப்பான திருப்பம் என்று சிலர் பாராட்டவும் கூடும். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, "என் பிழை. இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டேன். மன்னியுங்கள்" என்று எழுதினேன். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் கதை மாறாது" என்று பதில் வந்தது. மெரின் அதன்பின் கதையில் வரவில்லை.

வாப்பாவின் கடன் கொப்பி

இரவுச் சாப்பாட்டில் முகம் வாடியிருந்ததைக் கண்டு வாப்பா விசாரித்தார். விளையாட்டு என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கடையின் கடன் கொப்பியை எடுத்து வந்தார்.

அதில் 'ரஹீம்' என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 'மீன்கார ரஹீம்', 'சந்தியடி ரஹீம்', 'கண்ணாடி ரஹீம்', 'ரஹீம் (தையல் மெஷின், மகன் கட்டார்)' என்றே இருந்தன. "ஒரே பேரில நாலு பேர் இருக்கிற ஊரில பேர மட்டும் எழுதி வெச்சா, கடைய மூடத்தான் வரும் மகள்" என்றார்.

நம் வகுப்பு இடாப்பும் அப்படித்தானே? பாத்திமா என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை! அதற்குப் பிறகு வருவன ரிஸ்னா, ரிப்னா, ரிஸ்மினா. டீச்சர்மார் முகத்தையும் இருக்கையையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். எழுத்து விளையாட்டில் முகமும் இல்லை, இருக்கையும் இல்லை. பெயர்தான் முகம்.

பெயர் ஏன் மறக்கிறது?

இது மந்தபுத்தியால் வருவதல்ல. 1987இல் பிரித்தானிய உளவியல் ஆய்வாளர்கள் சிலர் முகப் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பப் பெயரையும் ஒரு தொழிலையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ஒரு குடும்பப் பெயர். பாண் சுடுபவர் என்ற பொருளும் உண்டு. ஒரே சொல்லாக இருந்தும், 'இவர் பாண் சுடுபவர்' என்பது நினைவில் நின்ற அளவுக்கு 'இவர் பெயர் பேக்கர்' என்பது நிற்கவில்லை.

காரணத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பாண் சுடுபவர் என்றதும் போறணையின் சூடு, அதிகாலை வாசம், மாப் படிந்த கை எல்லாம் மனதில் வந்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன. பெயர் தனியே நிற்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே நாம் செய்ய வேண்டியது பெயருக்கு ஒரு கொளுக்கி மாட்டுவதுதான். வாப்பாவின் 'மீன்கார', 'சந்தியடி' என்பன அந்தக் கொளுக்கிகளே.

நான் கையாளும் முறை

ஒரு சாதாரண கோடிட்ட கொப்பி போதும். ஒரு பாத்திரத்துக்கு அரைப் பக்கம். அதில் ஐந்து விடயங்கள்:

1. பெயர். அதன் எழுத்துக்கூட்டல் பிழையின்றி. பட்டப்பெயர் இருந்தால் அதுவும்.
2. கொளுக்கி. தொழில், நடை, பேச்சு வழக்கம் ஆகியவற்றில் ஒன்று. 'அழகானவள்', 'நல்லவள்' என்பவை உதவா. அவை பத்துப் பேருக்குப் பொருந்தும். 'இடது கையால் எழுதுபவள்' என்பது ஒருத்திக்கே பொருந்தும்.
3. உறவு. யாருக்கு யார்? என் பாத்திரத்துக்கு அவர் என்ன முறை?
4. கடைசியாக நடந்தது. திகதியுடன் ஒரே வரி.
5. குழப்பக்கூடியவர். இந்தப் பெயரை யாருடைய பெயரோடு மாற்றிக்கொள்வேன்?

ஐந்தாவதைத்தான் பலர் விட்டுவிடுவர். என் கொப்பியில் அன்று இப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் போதும்: 'மெரில். காவலனின் தங்கை. சாவிக்கொத்து வைத்திருப்பாள். மெரின் அல்ல!'

எழுதி வைப்பது பாதி வேலைதான். ஆட்டம் முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டு, அன்று வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பேன். பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டவற்றைச் சேர்ப்பேன். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, மூடிவைத்து நினைவுகூர்வதே மனதில் பதியும். தவணைப் பரீட்சைக்கும் இதே வழிதான்.

சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவதும் ஒரு முறையே. விளையாட்டுக்கு உள்ளேயே, "மன்னிக்க வேண்டும், யார் பெயருக்குக் கடிதம்?" என்று என் எழுத்தர் கேட்டிருந்தால் கதையும் குலைந்திருக்காது; என் மறதியும் வெளிப்பட்டிருக்காது.

பெயரையே மறைக்கும் உலகங்கள்

சில உலகங்களில் எதிரே வருபவரின் பெயர் உங்களுக்குத் தெரியாது. 'சிவப்புத் தலைப்பாகை கட்டிய உயரமான மனிதர் உள்ளே வருகிறார்' என்று மட்டும் திரையில் தோன்றும். நிஜ வாழ்விலும் பெயர் நெற்றியில் எழுதியிருப்பதில்லையே! இத்தகைய உலகங்களை அமைக்க உதவும் 'எவெனியா' என்ற இலவச மென்பொருள் பைத்தன் மொழியில் எழுதப்பட்டது. அதில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு பகுதி, நாம் அடையாளம் கண்டவருக்கு நாமே ஒரு பெயரைச் சூட்ட இடமளிக்கிறது. அதன்பின் அவர் நமக்கு அந்தப் பெயரிலேயே தெரிவார், மற்றவர்களுக்கு அல்ல.

கணினி நினைவில் வைத்துக்கொள்கிறதே, கொப்பி எதற்கு என்று கேட்கலாம். நாம் பிழையாகப் பெயர் சூட்டினால் கணினி அந்தப் பிழையைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். சாவிக்கொத்து யாரிடம், இரகசியம் யாருடையது என்பதை அது சொல்லாது.

தமிழில் ஆடியபோது கற்றது

கடந்த விடுமுறையில் நானும் மாமியின் பிள்ளைகளுமாக ஐந்து பேர் தமிழில் ஒரு கதையைத் தொடங்கினோம். கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்கு மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் கொண்டுபோன வணிகரின் கதை. எல்லோரும் ஒரே இணைய ஆவணத்தில் எழுதினோம். முதல் நாளே சிக்கல் வந்தது. மீராலெப்பை, மீராசாகிபு, மீராமுகைதீன் என்று மூன்று மீரா! அந்தக் காலத்துப் பெயர் அப்படித்தான் இருக்கும் என்று மச்சிமார் விடவில்லை. கடைசியில் 'உப்பு மீரா', 'கணக்கு மீரா', 'சின்ன மீரா' என்று ஒப்புக்கொண்டோம். வாப்பாவின் கொப்பி இங்கும் கைகொடுத்தது.

இரண்டாவது சிக்கல் நம் மொழிக்கே உரியது. ஒரு பாத்திரம் எங்கெங்கே வந்தது என்று தேட 'காசிம்' என்று தட்டினேன். சில இடங்களே அகப்பட்டன. 'காசிமை', 'காசிமுக்கு', 'காசிமிடம்' ஆகியவை அகப்படவில்லை. காரணம் வேற்றுமை உருபு. 'ம்' என்பதில் உள்ள புள்ளி, உருபு சேரும்போது போய்விடுகிறது. கணினியில் 'ம' ஒரு குறியீடு, புள்ளி இன்னொரு குறியீடு. புள்ளியோடு தேடினால் புள்ளி உள்ள இடத்தை மட்டுமே அது காட்டும். 'காசிம' என்று புள்ளியை விட்டுத் தேடிப் பாருங்கள், எல்லாம் வந்துவிடும். 'மரியம்' போன்ற பெயர் 'மரியத்திடம்' என்றும் வரலாம். அதற்கு 'மரிய' என்று தேட வேண்டும். 'சாரா' போல உயிரொலியில் முடியும் பெயருக்கு 'சாராவை', 'சாராவுக்கு' என்று வரும். முழுப்பெயரைத் தேடினாலே போதும். வேற்றுமைப் பாடம் எதற்கு என்று அலுத்துக்கொண்ட எனக்கு அன்றுதான் அதன் பயன் விளங்கியது.

ஆகவே புதிய பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஏற்கனவே உள்ளவர்களின் முதலெழுத்தோடு அது மோதக் கூடாது. நீளத்திலும் வேறுபட்டால் இன்னும் நல்லது. 'மெரின்', 'மெரில்' இரண்டும் முதலெழுத்திலும் ஒன்று, நீளத்திலும் ஒன்று. அவசரமாக வாசிக்கும் கண் ஏமாறத்தான் செய்யும்.

பெற்றோருக்கும் ஒரு சொல்

இதனை வாசிக்கும் உம்மா, வாப்பாமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகை விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் உண்டு: பாத்திரத்தின் பெயர், ஆளின் பெயர். முதலாவதை நினைவில் வைப்பது கலை. இரண்டாவதை வெளியே விடாதிருப்பது பாதுகாப்பு. என் எழுத்தரின் ஊர், வயது, குடும்பம் எல்லோருக்கும் தெரியும். என் ஊரும் பாடசாலையும் அங்கு எவருக்கும் தெரியாது. மற்றவர்களின் சொந்த விபரங்களையும் நான் கொப்பியில் எழுதுவதில்லை. பாத்திரம் மூலம் பழகிய ஒருவர் உண்மைப் பெயரையோ படத்தையோ கேட்டால், அது விளையாட்டின் எல்லையைத் தாண்டிய பேச்சு. அப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டில் சொல்ல வேண்டும். பிள்ளை அச்சமின்றி வந்து சொல்லக்கூடியதாக வீடும் இருக்க வேண்டும். அன்று வாப்பா சிரித்திருந்தால், அடுத்த முறை நான் எதையும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

பாத்திரத்தின் கோபம் வேறு, அதனை எழுதுபவரின் கோபம் வேறு என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். கதையில் ஒருத்தி என்னை ஏசினால், அதை எழுதியவர் என்னை வெறுக்கிறார் என்று பொருளல்ல.

இன்றே செய்து பாருங்கள்

தோழியரே, இந்த விளையாட்டை நீங்கள் ஆடாவிட்டாலும் இந்தக் கொப்பி பயன்படும். பல பாத்திரங்கள் வரும் ஒரு நாவலையோ, அரசர் பெயர்கள் நிறைந்த ஒரு வரலாற்றுப் பாடத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், கொளுக்கி, உறவு, கடைசி நிகழ்ச்சி, குழப்பக்கூடியவர் என ஐந்து வரி எழுதுங்கள். கொப்பியை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

என் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றும் மெரினின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இனி எழுத எதுவும் இல்லை. ஆனாலும் ஆட்டம் தொடங்குமுன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். ஒருவரின் பெயரைச் சரியாக நினைவில் வைப்பது, அவர் நம்மிடம் நம்பித் தந்ததைக் காப்பதன் முதற்படி.