தண்ணி அமைதியாத்தான் இருக்கும்: தடுப்பணை, முகத்துவாரம், படகு இறங்குதளம் பற்றி ஒரு பாடம்

முட்டுக்காடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது படகுக் குழாமும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலமும்தான். ஆனால் அதே கழியில் விடியற்காலையில் வலை வீசி மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு சென்னையிலிருந்து வருபவர்களும் உண்டு. இரு தரப்பிலும் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று: "தண்ணி அமைதியாத்தானே இருக்கு, என்ன ஆகப்போகுது?"

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில். ஆற்றிலும் கழியிலும் ஆபத்து பெரும்பாலும் நம் கண் முன்னால் உருவாவதில்லை. மேலே எங்கோ பெய்த மழையில் உருவாகி, நம்மிடம் வந்து சேர்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் கருவி இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

முட்டுக்காட்டில் அணை எங்கே?

முட்டுக்காட்டில் கட்டிய அணை இல்லை. ஆனால் முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது. கோடையில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து சேர்க்க, வாய் குறுகிவிடும், சில சமயம் அடைத்தே விடும். அப்போது கழி, கரை கட்டிய ஏரி மாதிரி அசையாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கதை மாறும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கு நோக்கி வந்து இந்தக் கழியில்தான் இறங்குகிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரும் இங்கேயே வருகிறது. நீர் ஏற ஏற மணல்திட்டு உடைந்துகொள்ளும். வெள்ளம் வடிய இயந்திரம் வைத்து வெட்டி விடுவதும் உண்டு. திட்டு திறந்த அந்த நேரத்தில், ஷட்டரைத் தூக்கிய அணைக்கும் முகத்துவாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. காலையில் துடுப்புப் போட்டுத் தாண்டிய இடத்தை மாலையில் மோட்டார் வைத்தும் தாண்ட முடியாமல் போகலாம்.

இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், கல்பாக்கம் அருகே பாலாறு கடலில் சேர்கிறது. அங்கே உண்மையான தடுப்பணை உண்டு: வாயலூர் தடுப்பணை. அதற்கு மேலே ஈசூர் – வள்ளிபுரம் தடுப்பணை. நிலத்தடி நீரைப் பெருக்கவும், கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் கட்டப்பட்டவை இவை. தண்ணீர் நின்றால் மீன் சேரும், மீன் சேர்ந்தால் ஆளும் சேரும்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய அணைகளில் ஷட்டர் உண்டு, பொறியாளர் உண்டு, நீர் திறக்கும் முன் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை உண்டு. பெரும்பாலான தடுப்பணைகளுக்கு ஷட்டரே கிடையாது. தண்ணீர் நிரம்பினால் தானாகவே வழியும். சைரன் ஊத அங்கே யாரும் இல்லை. பாலாற்றில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் பெய்த மழையும், திருமுக்கூடலில் வந்து சேரும் செய்யாற்று நீரும், வாயலூரில் வெயில் அடிக்கும்போதே வந்து சேரலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததைச் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தடுப்பணை அடியில் என்ன நடக்கிறது?

மேலே இருந்து விழும் தண்ணீர் அடி வரை பாய்ந்து, மேலெழுந்து, அதில் ஒரு பகுதி மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. உருளை மாதிரி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் சிக்கிய படகு அணைச் சுவரை நோக்கி இழுக்கப்படும். அங்கே தண்ணீரில் காற்றுக் குமிழிகள் அதிகம் என்பதால் மிதக்கும் சக்தியும் குறைவு. நன்றாக நீச்சல் தெரிந்தவரும் வெளியே வரத் திணறுவது இதனால்தான். அணை இரண்டு ஆள் உயரம்கூட இல்லையே என்று எண்ண வேண்டாம். உயரம் குறைந்த தடுப்பணைகளில்தான் இந்தச் சுழல் நம் கண்ணை ஏமாற்றும்.

கண்டுபிடிக்க எளிய வழி: மிதக்கும் தேங்காய் மட்டையையோ காலி பாட்டிலையோ கவனியுங்கள். அது ஆற்றோடு போகாமல் அணையை நோக்கிப் பின்னால் போகிறதா? அந்தத் தண்ணீரில் படகும் அப்படித்தான் போகும். நுரை தெரியும் இடத்துக்குப் பக்கத்தில்கூடப் படகைக் கொண்டு போகக் கூடாது.

அணைக்கு மேல்பக்கம் வேறு வகை ஆபத்து. படகிலிருந்து பார்த்தால் தண்ணீர் வழியும் விளிம்பு தெரியாது, ஆறு நேராகப் போவது போலவே தோன்றும். மோட்டார் நின்றுபோனால் நீரோட்டம் படகை விளிம்புக்கே கொண்டுபோய்விடும். ஷட்டர் உள்ள அணைகளில் மதகுக்கு அருகே நீருக்கடியில் இழுப்பு இருக்கும். எச்சரிக்கைப் பலகை, மிதவைச் சங்கிலி போட்டிருந்தால் அதுதான் எல்லை. நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்க அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம். மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

'கன அடி' என்றால் எவ்வளவு?

செய்தியில் "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வினாடியும் சுமார் 68 லாரித் தண்ணீர்! இன்னொரு கணக்கு: நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கிளம்பும் முன் கைப்பேசியில் ஐந்து நிமிடம்

1. தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியில் மாவட்ட எச்சரிக்கையையும் மழை அளவையும் பாருங்கள். உங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது, ஆற்றின் மேல்பகுதி மாவட்டங்களையும் பார்க்க வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் அன்று படகை இறக்க வேண்டாம்.

2. இடி மின்னலுக்குத் 'தாமினி' செயலி உதவும். திறந்த நீர்ப்பரப்பில் உயரமாக நிற்பது நீங்கள்தான். இடிச் சத்தம் கேட்டதுமே கரைக்குத் திரும்புங்கள்.

3. கடல் ஓதம் ஏறும், இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் அதிகம். ஓதம் இறங்கும்போது கழி நீர் கடலை நோக்கி ஓடும். வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். சிறு படகுகள் கவிழ்வதற்கு ஏற்ற இடம் அது.

4. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' பகிர்ந்துவிடுங்கள்.

5. இந்த எண்களைச் சேமித்து வையுங்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பையில் இருக்கும் போன் படகோடு போய்விடும்.

படகில் ஏறிய பிறகு

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்தால் பயன் இல்லை. கரையிலேயே போட்டு, பக்கிளை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது தலை வழியே கழன்று வந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம். படகின் கொள்ளளவுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அதிக ஆள், லைஃப் ஜாக்கெட் இல்லை. கிறிஸ்துமஸ் நாளில் நடந்த அந்தத் துயரம் நமக்குச் சொல்வது இவ்வளவுதான்.

நங்கூரத்தை எப்போதும் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் மோதி, தண்ணீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கும். அறுத்துவிட ஒரு கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாலத் தூண்களில் படகைக் கட்ட வேண்டாம், தூணைச் சுற்றிப் பள்ளமும் சுழலும் இருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினால், குப்பையும் ஆகாயத்தாமரையும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலே வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம். "இன்னும் ஒரு வீச்சு" என்ற ஆசையை அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்...

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் தடுப்பணை அருகே குளிக்கப்போன பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் சிக்கினார்கள். பாசம் இருக்கும் இடத்தில்தான் இப்படி நடக்கிறது. அதனால் இந்த விதியை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: குதிக்காதே, பொருளை வீசு. கயிறு, மூடிய காலி கேன், நீளமான கழி, சேலை என எது கிடைத்தாலும் சரி. ஒருவர் வீசட்டும், இன்னொருவர் 112-க்குப் பேசட்டும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாமல் படகையே பிடித்துக்கொள்ளுங்கள். தேடி வருபவர்களுக்குத் தலையைவிடப் படகு தூரத்திலிருந்தே தெரியும்.

இறங்குதளம்: போகும் வழியும் திரும்பும் வழியும்

காற்று மாறிய பிறகு அவசரமாகத் திரும்பும் படகுக்கு, சாய்தளம் சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை. அங்கே கால் வழுக்கினால் படகுக்கும் கரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்வோம். பொதுத்தளம் என்பதால் "யாராவது பார்த்துக்குவாங்க" என்று விடுவதுதான் முதல் பழுது.

ஓதம் ஏறி இறங்கும் பகுதியில்தான் பாசி பிடிக்கும். வற்றியிருக்கும் நேரத்தில் கெட்டியான துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ தேய்த்துக் கழுவினால் போதும். ஆசிட் ஊற்ற வேண்டாம், அது கான்கிரீட்டையும் அரிக்கும், மீனையும் கொல்லும். விரிசல் தெரிந்தால் சிறிதாக இருக்கும்போதே சொல்லுங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தளத்தில் நின்றபடி மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால், விசிறி தள்ளும் தண்ணீர் தளத்தின் கீழ் முனையில் மணலைத் தோண்டிவிடும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும், மேலே கான்கிரீட் தாங்கலின்றித் தொங்கும். அதனால் படகைக் கையால் தள்ளி, ஆழத்துக்குப் போன பிறகு மோட்டாரைப் போடுங்கள். கிழிந்த வலை, நரம்பு, தூண்டில் முள் ஆகியவற்றைத் தளத்தில் போடக் கூடாது. பொருள்களை ஏற்றும் வேலையை மேலேயே முடித்துவிட்டுத் தளத்துக்கு வந்தால் வரிசையும் நகரும். வண்டிகளைத் தளத்தின் வாயில் நிறுத்த வேண்டாம். ஆம்புலன்ஸ் வரவேண்டிய பாதையும் அதுதான்.

பழுதைச் சொல்வது எப்படி?

பகல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுங்கள்: தளம் முழுவதும் தெரியும்படி ஒன்று, பழுதை மட்டும் கிட்டத்தில் ஒன்று. விரிசலின் பக்கத்தில் ஒரு செருப்பையோ அடி ஸ்கேலையோ வைத்தால் அளவு புரியும். இடம், தேதி, யாருக்கு என்ன ஆபத்து என்று மூன்று வரி எழுதி, 'முதல்வரின் முகவரி' இணையதளத்தில் பதியலாம் அல்லது 1100-ஐ அழைக்கலாம். கிடைக்கும் மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நிலையைத் தொடர்ந்து பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இறங்குதளப் பராமரிப்பைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். தனி ஆளாகப் புகார் கொடுப்பதைவிட ஊர்த் தீர்மானத்துக்கு வலு அதிகம்.

இந்த வாரப் பயிற்சி

ஒன்று: நீங்கள் மீன் பிடிக்கும் இடத்துக்கு மேலே எந்தெந்த ஏரி, கால்வாய், தடுப்பணையிலிருந்து நீர் வருகிறது என்று வரைபடச் செயலியில் தேடி எழுதி வையுங்கள். இரண்டு: மேலே சொன்ன ஆறு எண்களை உங்கள் போனிலும், வீட்டில் காத்திருப்பவர் போனிலும் சேமியுங்கள். மூன்று: உங்கள் ஊர் இறங்குதளத்தை இன்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பருவமழை முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தளத்தில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மீன் நாளைக்கும் கிடைக்கும். கரையில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் இன்றைக்குத் திரும்பி வர வேண்டும்.