ஊருக்கு உதவும் தொழில்நுட்ப முகாம்: யோசனை தேடச் சில வழிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களோ, நூலக வாசகர் வட்டமோ ஹேக்கத்தான் என்னும் தொழில்நுட்ப முகாம் நடத்தத் திட்டமிட்டால், யோசனையை ஊருக்குள் தேடுங்கள்.

● கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அங்கே திரும்பத் திரும்ப எழும் புகார்தான் நல்ல திட்டம்.

● அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை நினையுங்கள். 1990-களின் தொடக்கத்தில் இங்கே எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தந்தார்கள். தேவைப்பட்டதைக் கொடுத்ததால் இயக்கம் வேரூன்றியது. பயன்படுத்தப்போகிறவரை முகாமிலேயே உட்கார வையுங்கள்.

● பேரிடருக்கு முன்பே வரைபடம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இம்மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. பாதுகாப்பான பள்ளிக் கட்டடங்கள், கண்மாய்கள், உட்சாலைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த இணைய வரைபடத்தில் குறியுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் நீர் சூழ்ந்த தெருக்களைத் தன்னார்வலர்கள் அதில்தான் குறித்தார்கள்.

● நிரல் தெரியாதவருக்கும் வேலை. சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் போன்ற இம்மாவட்ட இடங்கள் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளை மேம்படுத்தலாம். நாட்டுடைமையான நூல்களை இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம்.

● ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அரசுச் செயலி இருந்தால் புதிதாக ஒன்று வேண்டாம். அதைப் பயன்படுத்தத் தமிழில் எளிய வழிகாட்டி போதும்.

● மூன்று கேள்விகள்: யாருக்குப் பயன்? ஒரே நாளில் எந்தப் பகுதி முடியும்? முகாமுக்குப் பின் யார் பராமரிப்பார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த யோசனையை மட்டும் எடுங்கள்.