பழைய பிக்கப் வண்டியின் பந்துமூட்டு: தேய்வை அறிதலும் மாற்றுதலும்

கமக்காரர் விளைவித்த நெல்லும் மரக்கறியும் சந்தையைச் சேரும்வரை அவருடைய முயற்சி முற்றுப்பெறுவதில்லை. வயலிலிருந்து களஞ்சியத்துக்கும், தோட்டத்திலிருந்து தம்புள்ளை போன்ற பொருளாதார மத்திய நிலையங்களுக்கும் இப்பொருள்களைக் கொண்டு செல்வதற்குப் பல ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன. இயந்திரத்தின் எண்ணெயையும் ரயரின் காற்றையும் கவனிப்போர் பலர். முன் சில்லைத் தாங்கும் பந்துமூட்டைக் கவனிப்போர் சிலரே. இயந்திரம் பழுதுற்றால் வண்டி தெருவில் நின்றுவிடும். பந்துமூட்டுக் கழன்றாலோ ஓடும் வண்டியின் சில்லு மடிந்து, வண்டி ஒரு பக்கமாகத் தரையில் விழும். இதனை முன்னரே அறிந்து தடுக்கும் வழியை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பந்துமூட்டு யாது?

வண்டியின் முன் சில்லு ஒவ்வொன்றும் மேற்புயம், கீழ்ப்புயம் என்னும் இரண்டு இரும்புப் புயங்களால் சட்டத்துடன் பொருத்தப்பட்டுள்ளது. சில்லு குழியில் இறங்கி ஏறவும், வளைவில் இடமும் வலமும் திரும்பவும் வேண்டுமாதலால், புயத்தையும் சில்லுத் தாங்கியையும் அசையாதபடி பிணைத்தல் இயலாது. ஆகவே அவற்றின் இடையே, மனிதரின் இடுப்பு மூட்டைப் போன்று, கிண்ணமொன்றினுள் உருக்குப் பந்தொன்று சுழலும் மூட்டு வைக்கப்பட்டுள்ளது. இதனையே பொறிவேலை செய்வோர் போல் ஜொயின்ற் என்பர். பந்திலிருந்து நீளும் கூம்பு வடிவான தண்டு, சில்லுத் தாங்கியின் துளையிற் புகுந்து நட்டினால் இறுக்கப்படும். பந்தைச் சுற்றிக் கிறீஸ் நிரப்பப்பட்டு, அதனை இறப்பர் உறையொன்று மூடியிருக்கும்.

பழைய பிக்கப் வண்டிகளுட் பலவற்றில் முறுக்குக் கோல் கீழ்ப்புயத்துடன் இணைந்திருக்கும். அத்தகைய வண்டியில் முன்பக்கத்தின் பாரம் கீழ்ப் பந்துமூட்டின் வழியாகவே சில்லைச் சேர்கின்றது. எனவே முதலில் தேய்வது பெரும்பாலும் கீழ் மூட்டே. கோல் மேற்புயத்துடன் இணைந்த வண்டிகளும் உள. அவற்றிற் பாரந்தாங்குவது மேல் மூட்டாகும். சோதிக்கும் முறையும் வேறுபடும். ஆகையால் தம் வண்டியிற் கோல் எப்புயத்துடன் இணைந்துள்ளது என்பதை முதலிற் பார்த்து அறிந்துகொள்ளல் வேண்டும். கீழே கூறப்படும் முறைகள் கீழ்ப்புயத்துடன் கோல் இணைந்த வண்டிகளுக்கு உரியன.

கேடு உண்டாகும் விதம்

கேடு இறப்பர் உறையிலேயே தொடங்குகின்றது. வெயிலாலும் வயதாலும் உறை வெடிக்கும். வரப்பிலும் கல்லிலும் உராய்ந்து கிழியும். அதன்பின் வாய்க்கால் நீரும் வயற்சேறும் உட்புகுந்து கிறீஸைக் கழுவிவிடும். சேற்றிலுள்ள நுண்மணல் பந்தையும் கிண்ணத்தையும் அரைத்துத் தேய்க்கும். தேய்ந்த மூட்டில் ஆட்டம் உண்டாகி, அவ்வாட்டமே தேய்வை மேலும் விரைவுபடுத்தும். இறுதியிற் பந்து கிண்ணத்தை விட்டுக் கழலும். அல்லது தண்டு முறியும்.

பந்தின் மேற்பரப்பில் ஏற்படும் சிறு கீறல்தானும் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2005 ஆம் ஆண்டில் ரொயோற்றா நிறுவனம், முன் கீழ்ப் பந்துமூட்டின் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட பிக்கப் முதலிய வாகனங்களுள் ஏறத்தாழ 775,000 ஐ மீள அழைத்தது. உற்பத்தியின்போது பந்தின் மேற்பரப்புக் கீறப்பட்டிருக்கலாம் என்பதும், அதனால் மூட்டு விரைவிற் தேய்ந்து ஆட்டங்கண்டு பிரியக்கூடும் என்பதுமே காரணம். புதிய மூட்டுக்கே கீறல் இத்தகைய கேட்டை விளைக்குமாயின், கிழிந்த உறையினூடாக நாடோறும் மணல் புகும் பழைய மூட்டின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

மிகைப்பாரமும் கேட்டை விரைவுபடுத்தும். 65 கிலோ நிறையுள்ள நெல் மூடைகள் 20 ஐ ஏற்றினால் 1,300 கிலோ ஆகும். ஒரு தொன் தாங்கும் வண்டிக்கு இது மிகை. பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சிலே தங்குமெனினும், இறக்கத்திற் பிரேக்கிடும்போது அது முன்னோக்கித் தள்ளப்படும். மலைநாட்டிலிருந்து மரக்கறி ஏற்றி இறங்கும் வண்டிகள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அறிகுறிகள்

1. குழியில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் "டொக்" என்ற ஒலி கேட்டல்.
2. சில்லைத் திருப்பும்போது கீச்சென்ற ஒலி உண்டாதல்.
3. நேரான தெருவிலும் வண்டி இடமும் வலமுமாக அலைதல்.
4. முன் ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல்.
5. இறப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியே வழிதல்.

இவற்றுள் ஐந்தாவது மட்டும் தோன்றினும் மூட்டை நல்லதெனக் கொள்ளலாகாது. ஒலி எழவில்லை என்பதும் மூட்டு நலமாக உள்ளது என்பதற்குச் சான்றன்று.

சோதிக்கும் முறை

இச்சோதனைக்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின் சில்லுகளுக்கு அணை வைக்குக. ஜக்கினைச் சட்டத்தின் கீழன்றிக் கீழ்ப்புயத்தின் கீழே, மூட்டுக்கு அண்மையில், வைத்து உயர்த்துக. சட்டத்தின் கீழ் வைத்து உயர்த்தினால் முறுக்குக் கோலின் விசை மூட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். ரயர் தரையை விட்டுச் சற்றே உயர்ந்ததும், சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கியொன்றையும் காவலாக வைத்தல் வேண்டும்.

முதலாவதாக, ரயரின் அடியில் அலவாங்கு ஒன்றைச் செலுத்தி மெல்ல மேலே நெம்புக. மற்றவர் புயத்துக்கும் சில்லுத் தாங்கிக்கும் இடையே மூட்டைக் கவனிக்க வேண்டும். அங்கு மேலும் கீழுமான ஆட்டம் தென்படின், அதனை அளந்து, வண்டியின் கைந்நூலிற் கூறப்பட்ட எல்லையுடன் ஒப்பிடுக. எல்லையைக் கடந்திருப்பின் மூட்டை மாற்றியே தீரவேண்டும்.

இரண்டாவதாக, ரயரின் மேலும் கீழும் கைவைத்து உள்ளும் புறமுமாக அசைக்குக. ஆட்டம் இருப்பின், மற்றவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்குக. ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பெயாரிங்கிலே உள்ளது. மறையாவிடிற் பந்துமூட்டையே ஐயுறுதல் வேண்டும். ரயரின் இரு பக்கங்களிலும் கைவைத்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தோன்றின், ஸ்ரியரிங் தடிகளின் முனைகளைச் சோதிக்குக.

மாற்றும் முறை

புயத்துடன் போல்ட்டுகளாற் பூட்டப்பட்ட மூட்டை, கருவிகளும் பழக்கமும் உடையவர் தாமே மாற்றலாம். புயத்தில் அழுத்திச் செருகப்பட்ட மூட்டையும், நாற்சில்லு இயக்கமுள்ள வண்டியின் மூட்டையும் கராச்சிற் கொடுத்து மாற்றுவித்தலே தக்கது.

1. சில்லு நட்டுகளைத் தரையிலேயே சிறிது தளர்த்துக. பின்னர் வண்டியை உயர்த்திச் சட்டத்தைத் தாங்கிமேல் நிறுத்திச் சில்லைக் கழற்றுக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் புகலாகாது.

2. கீழ்ப்புயத்தை ஜக்கினாற் தாங்குக. முறுக்குக் கோலைச் சரிசெய்யும் போல்ட்டில் வெளியே நீண்டிருக்கும் பகுதியை அளந்து எழுதிக்கொண்டு, அதன்பின் அப்போல்ட்டைத் தளர்த்துக. கோலில் விசை இருக்கும்போது தாங்கப்படாத புயத்தை விடுவித்தால், அது பாய்ந்து கீழிறங்கிக் கை கால்களை முறித்துவிடும்.

3. பிரேக்குக் குழாயிற் பாரம் தொங்காதபடி பிரேக்குப் பகுதியைக் கம்பியாற் கட்டிவைக்குக.

4. தண்டின் ஸ்பிளிற் பின்னைக் கழற்றி, நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்துக, முற்றாக எடுத்துவிடலாகாது. பிரிப்பான் கருவியால் தண்டை விடுவிக்குக. தண்டின் முனையிற் சுத்தியலால் அடித்தலாகாது. தண்டு விடுபட்டபின் நட்டை நீக்கி, ஜக்கை மெதுவாக இறக்குக.

5. பழைய மூட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, புதிய மூட்டை அதனுடன் தரப்பட்ட போல்ட்டுகளாற் பூட்டுக. சாதாரண இரும்புப் போல்ட்டுகளைப் பயன்படுத்தலாகாது.

6. கூம்புத் துளையை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்துத் தண்டைச் செருகுக. தண்டு துளையில் ஆடினால் அம்மூட்டு அவ்வண்டிக்கு உரியதன்று, அல்லது துளை தேய்ந்துவிட்டது. தகடு வைத்து இறுக்குதல் பேராபத்தாகும்.

7. கைந்நூலிற் கூறிய அளவுக்கு நட்டை இறுக்குக. பின்னைச் செருகும் துளை நேர்ப்படாவிடின், நட்டை மேலும் சிறிது இறுக்கி நேர்ப்படுத்துக, பின்னோக்கித் தளர்த்தலாகாது. எப்போதும் புதிய பின்னையே இடுக.

8. கிறீஸ் நிப்பிள் இருப்பின், உறை சற்றே உப்பும்வரை மட்டும் கிறீஸ் ஏற்றுக. முறுக்குக் கோலின் போல்ட்டை முன் அளந்த நீளத்துக்கு மீண்டும் இறுக்குக.

தேய்ந்த மூட்டைப் பற்றவைத்தும் கிண்ணத்தை அடித்து ஒடுக்கியும் மீண்டும் பயன்படுத்துவோர் உளர். பற்றவைக்கும் சூட்டினால் உருக்கின் வலிமை கெடும். இவ்வாறு சேமிக்கும் பணம், வண்டியிற் செல்வோரின் உயிருக்கு ஈடாகாது.

மாற்றியபின்

சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்குக. சுமார் 100 கிலோமீற்றர் ஓடியபின் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்க்குக. முன் சில்லுகளின் நேரமைப்பைக் கராச்சிற் சரிபார்ப்பித்தல் அவசியம். இன்றேல் ரயர்கள் வீணே தேயும். ஒரு பக்க மூட்டுத் தேய்ந்திருப்பின், அதே வயதுடைய மறுபக்க மூட்டையும் சோதித்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பெரும்போக அறுவடைக்கு முன் ஒரு முறையும், சிறுபோக அறுவடைக்கு முன் ஒரு முறையும் பந்துமூட்டுகளைச் சோதிக்குக. மரக்கறி செய்வோர், வண்டி ஓய்ந்திருக்கும் நாளொன்றில் இதனைச் செய்யலாம். சேற்றில் ஓடிய நாளில் உறைகளைக் கழுவிப் பார்க்குக. கிழிந்த உறையைக் கண்டவுடன் மூட்டைச் சோதிப்பிக்குக. மூட்டில் ஆட்டம் கண்ட வண்டியிற் பாரம் ஏற்றாதீர். அதனைக் கராச்சுக்கு ஓட்டிச் செல்வதினும் பொறிவேலை செய்பவரை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்தலே நன்று. அறுவடைக்கு முன் செலவிடும் அரைமணி நேரம் விளைவையும், வண்டியையும், அதிற் செல்வோரையும் காக்கும்.