பொதிச் சார்பும் கணினிக் கட்டமைப்பும்

மென்பொருள் எதுவும் தனித்தியங்குவதன்று. தன் தொழிலை முடித்தற்குப் பிற நிரல் நூலகங்களின் துணையை அது நாடி நிற்கும். இதனையே சார்பு என்பர். 1993 இல் தொடங்கப்பெற்ற டெபியன் இயக்க முறைமையில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பெற்று, தனக்கு வேண்டிய பிற பொதிகளின் பெயர்களையும் தாங்கி வருகின்றது. அப்பெயர்கள் பொருந்தினாற் போதுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா.

போதாது என்பதே விடை. செயலி ஒவ்வொன்றும் தனக்குரிய கட்டளைகளையே அறியும். 2003 இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட 64 பிட் செயலி பழைய 32 பிட் நிரல்களையும் இயக்கவல்லது; எனினும் ஒரு நிரலினுள்ளே இருவகையும் கலத்தல் இயலாது. 32 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகமே வேண்டும். ஒரே பெயர் கொண்ட இருவகை நூலகங்களையும் ஓரிடத்தில் வைப்பின், பின்வந்தது முன்னையதை அழித்துவிடும்.

இவ்விடரை நீக்க எழுந்ததே பல்கட்டமைப்பு முறை. 2013 இல் வெளிவந்த டெபியன் 7 இல் இஃது இடம்பெற்றது. இதன்படி நூலகங்கள், கட்டமைப்பின் பெயர் தாங்கிய வெவ்வேறு அடைவுகளில் வைக்கப்பெறும். பொதிகளும் தத்தம் இயல்பை அறிவிக்கும். அவ்வியல்பு மூவகைப்படும். நூலகப் பொதி, தன்னை நாடும் நிரலின் கட்டமைப்பையே உடையதாதல் வேண்டும். தனித்தியங்கிப் பயன் தரும் கருவிப் பொதி எக்கட்டமைப்பினதாயினும் அமையும். பைதன் போன்றவை இருதிறத்தும் பயன்படுவன. ஆதலின் எத்திறம் வேண்டுமென்பதை அவற்றை நாடும் பொதியே கூறும். வீட்டினுள் உடனிருந்து உரையாடுவோன் நம் மொழி அறிந்தவனாதல் வேண்டும். நாற்காலி செய்து தரும் தச்சன் எம்மொழி பேசினும் இழுக்கில்லை.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. 2019 இல் உபுண்டு 32 பிட் பொதிகளைக் கைவிட எண்ணியபோது, பழைய நிரல்களையும் விளையாட்டுக்களையும் பயன்படுத்துவோர் வெகுண்டெழுந்தனர். சில நாள்களில் தேர்ந்தெடுத்த பொதிகள் நிலைநிறுத்தப்பெற்றன. 2025 இல் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. ஆயினும் 64 பிட் கணினியில் பழைய நிரல்கள் இயங்குமாறு அவற்றுக்குரிய பொதிகளைக் காத்து வருகின்றது.

ஆதலின், நிறுவும்போது கணினி மறுப்பின், மாணாக்கர் அதனை வலிந்து பணியவைக்க முயலாதிருப்பாராக. பெயர் யாது, கட்டமைப்பு யாது, இரு கட்டமைப்பு நூலகங்களும் ஒரே பதிப்பினவோ என முறையே வினவுக. மறுப்பின் காரணம் பெரும்பாலும் அவ்வினாக்களுள் ஒன்றிலே வெளிப்படும்.