பூனைக்கு வலிப்பு வந்தால்

சகோதரிகளே, பூனை வெட்டி வெட்டி இழுக்கும்போது இரும்பைத் தேடாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. வாயில் விரலோ தண்ணீரோ கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் பூனையை உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டு ஓடணும். நெல்லை இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீங்க. அதிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், அதனாலேயும் வலிப்பு வரும்.

டாக்டர் பீனோபார்பிட்டோன் மாத்திரை எழுதினால் சொன்ன வேளைக்குக் கொடுக்கணும். குற்றாலத்தில் சாரல் விழுந்து வீடு நிறைய விருந்தாளி வரும் ஆனி, ஆடியில்தான் மறந்துபோகும். என் வீட்டிலும் அப்படித்தான் ஆச்சு. "இப்பதான் நல்லாயிருக்கே" என்று நாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.